கேமராவோடு தனியாக நீலகிரிக்கு: புதிதாக வருபவர்களுக்கான திருட்டுத் தடுப்பு வழிகாட்டி

எனக்குத் தெரிந்து நீலகிரியில் கேமராவையோ லென்ஸையோ பறிகொடுத்தவர்கள் ஆறேழு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சோலைக்காட்டுக்குள்ளோ ஆளில்லாத தேயிலைச் சரிவிலோ வழிமறிக்கப்பட்டு இழக்கவில்லை. ஒருவர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிய பேருந்தின் மேல்தட்டில் பையை வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தார். இன்னொருவர் டீக்கடை பெஞ்சில் லென்ஸை வைத்துவிட்டுச் சில்லறை தேடினார். நான் உட்பட இருவர், பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று காரைப் பூட்டிவிட்டுக் காட்சிமுனைக்கு நடந்தோம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் பல வருடங்களாகத் தனியாகப் பறவைகளைப் படமெடுத்து வருகிறவன் என்ற முறையில், புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: காட்டுக்குள் காட்டெருமைக்கும் கரடிக்கும் பயப்படுங்கள், திருடனுக்குப் பயப்பட வேண்டியது, கேமரா உங்கள் உடம்பை விட்டு விலகுகிற இடங்களில். ஒரு நாளில் அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு வழி வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

முதலில் காகித வேலையை முடித்துவிடுங்கள். கேமராவின் அடிப்பாகத்தில் தொடர் எண் அச்சிடப்பட்டிருக்கும். லென்ஸில் அது குழாயின் மேலோ, கேமராவோடு பொருந்தும் வளையத்தின் அருகிலோ இருக்கும். இரண்டையும் கைபேசியில் படமெடுத்து, வாங்கிய பில்லின் படத்தோடு சேர்த்து உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். கைபேசியும் பையோடு சேர்ந்து போய்விடக்கூடும் என்பதால், அதில் மட்டும் வைத்திருப்பது போதாது. பல கேமராக்கள் தாங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் எக்ஸிஃப் விவரத்திலும் (படக் கோப்புக்குள்ளேயே மறைந்திருக்கும் குறிப்பு) தங்கள் தொடர் எண்ணைப் பதிந்துவிடுகின்றன. எனவே பில் தொலைந்தவர்கள்கூடப் பழைய படம் ஒன்றைக் கணினியில் திறந்து அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். பல கேமராக்களின் மெனுவில் காப்புரிமை (Copyright) என்றொரு பகுதி இருக்கும். அதில் உங்கள் பெயரை ஒருமுறை தட்டச்சு செய்துவிட்டால், அதன் பிறகு எடுக்கும் எல்லாப் படங்களோடும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிட வேலைதான். ஆனாலும் என் நண்பர்களில் பாதிப் பேர் இன்னும் செய்யவில்லை.

காப்பீடு எடுத்திருந்தால் அதன் விதிகளை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். வீட்டுப் பொருள்களுக்கான சாதாரணக் காப்பீடு, வீட்டுக்கு வெளியே கேமராவுக்கு நேர்வதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ‘ஆல் ரிஸ்க்’ என்ற வகையில் எடுத்தாலும், ஆளில்லாத வண்டிக்குள் விட்டுச்சென்ற பொருளுக்கு நிபந்தனைகள் போட்டிருப்பார்கள். படமெடுப்பது உங்கள் தொழில் என்றால் அதையும் சொல்லியே எடுக்க வேண்டும்.

அடுத்தது பை. நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் தைக்கப்பட்ட கேமராப் பை, உள்ளே இருப்பதன் விலையைத் தெருவுக்கே அறிவிக்கும். பஞ்சு வைத்த உள்ளுறையை மட்டும் எடுத்துப் பழைய முதுகுப்பை ஒன்றுக்குள் பொருத்திக்கொள்வது நல்லது. கேமராவின் நெற்றியில் இருக்கும் பெயரின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டுங்கள். பெட்டியோடு இலவசமாக வரும் மஞ்சள், சிவப்பு எழுத்துள்ள பட்டையை மாற்றிவிட்டு எழுத்தில்லாத பட்டையைப் போடுங்கள். என் பெரிய டெலி லென்ஸ் துண்டில் சுற்றப்பட்டு ஒரு மஞ்சப்பைக்குள் பயணிக்கிறது. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்கு நெடுங்காலமாகவே தடை இருப்பதால், கையில் துணிப்பையோடு நடப்பவரை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. கேரட்டும் பீட்ரூட்டும் வாங்கிப் போகிறார் என்றுதான் நினைப்பார்கள். ஊரின் குளிரும் இதற்குத் துணை செய்கிறது. பட்டையைத் தோளின் குறுக்காக மாட்டிக் கேமராவை ஜெர்கினுக்கு உள்ளே விட்டுப் பாதி ஜிப்பை மூடிக்கொண்டால், எடுப்பதற்கும் எளிது, வெளியே தெரிவதுமில்லை.

பைக்குள் போட்டுவைத்தால் அது இருக்கும் இடத்தைக் கைபேசியில் காட்டும் புளூடூத் வில்லைகள் மேல் புதியவர்கள் அதிகமாக நம்பிக்கை வைக்கிறார்கள். அந்த வில்லைக்குத் தானாக இடம் சொல்லத் தெரியாது. அதன் அருகே போகிற யாரோ ஒருவரின் கைபேசிதான் அதன் இருப்பிடத்தை இணையத்துக்குத் தெரிவிக்கிறது. குன்னூர் பேருந்து நிலையத்தில் அது நன்றாக வேலை செய்யும். ஆளும் சிக்னலும் இல்லாத அவலாஞ்சிப் பக்கம் அது வெறும் வில்லைதான். இருந்தாலும் ஒன்றைப் பையின் உள்துணியைப் பிரித்து அதற்குள் தைத்து வையுங்கள், ஏனென்றால் திருடியவர் மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்தாக வேண்டும்.

பேருந்திலும் மலை ரயிலிலும்

பேருந்தில் பை மடியில்தான் இருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் மேல்தட்டுப் பைகள் இடம் மாறும், தலைசுற்றலில் பயணிகள் கண்ணை மூடிக்கொள்வார்கள், இடையில் பர்லியாறில் பாதிப் பேர் இறங்கி ஏறுவார்கள். மடியில் வைத்த பையின் ஒரு தோள்பட்டையைக் காலுக்குள் நுழைத்துக்கொண்டால், நீங்கள் தூங்கினாலும் பை உங்களை எழுப்பாமல் போகாது. நின்றுகொண்டு பயணம் செய்ய நேர்ந்தால் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஜிப்பின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கொக்கியால் இணைத்துவிடுவது நல்லது. அந்தக் கொக்கி திருட்டை அடியோடு தடுத்துவிடாது என்றாலும், கழற்றுவதற்குத் தேவைப்படும் இரண்டு விநாடிக்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மலை ரயிலில் ஆபத்து வேறுவிதமானது. காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படும் வண்டியை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும்; ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லோரும் படமெடுக்கக் குதித்து இறங்குவார்கள். நீங்களும் இறங்குவீர்கள், கையில் கேமராவோடு. இரண்டாவது லென்ஸும் பேட்டரிகளும் இருக்கும் பை இருக்கையிலேயே கிடக்கும், பெட்டியின் கதவு திறந்திருக்கும். எதிரில் அமர்ந்திருக்கும் குடும்பத்திடம் “கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினால், அடுத்த நிமிடம் அவர்களும் இறங்கியிருப்பார்கள். பையோடு இறங்குங்கள். அந்த நிலையங்களின் குரங்குகளுக்கும் ஜிப்பைத் திறக்கத் தெரியும் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிஸ்கட்டும் கேமராவும் ஒரே பையில் இருந்தால் குரங்கு பிஸ்கட்டுக்காகப் பையையே இழுத்துக்கொண்டு போகும். தின்பண்டத்தைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் பொருள் களவு போனால் 139 என்ற ரயில்வே உதவி எண்ணை அழைக்கலாம்.

வண்டி நிறுத்தும் இடம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் பாடம் படித்தது இங்கேதான். கோத்தகிரிப் பக்கம் ஒரு காட்சிமுனையில் காரை நிறுத்தினேன். கேமரா என் கழுத்தில் இருந்தது. மற்றொரு லென்ஸ் இருந்த பை பின்னிருக்கையில் இருந்தது. வெளியே தெரியக் கூடாது என்று அதன் மேல் ஒரு நீலத் துண்டைப் போர்த்தினேன். மூடுபனி விலகக் காத்திருந்ததில் பத்து நிமிடம் இருபத்தைந்து நிமிடமாகிவிட்டது. திரும்பி வந்தபோது பின்கதவின் சிறிய முக்கோணக் கண்ணாடி உடைந்து இருக்கை மேல் சர்க்கரை போலச் சிதறிக் கிடந்தது. துண்டு தரையில் மடங்கிக் கிடந்தது, பை இல்லை. அங்கே நின்றிருந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் அருகில் வந்து பார்த்துவிட்டு, “துண்டு போட்டு மூடினா, உள்ள சாமான் இருக்குன்னு நீங்களே சொன்ன மாதிரிதானே சார்” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதைவிடச் சரியான பாடத்தை அதன் பிறகு நான் எங்கும் கேட்கவில்லை.

ஆகவே, வண்டியின் இருக்கைகள் காலியாக இருக்க வேண்டும். காலியாக இருப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவும் வேண்டும். டிக்கியில் வைத்தே ஆகவேண்டும் என்றால், காட்சிமுனைக்கு வருவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே ஓரிடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு வாருங்கள். டால்ஃபின் நோஸிலோ தொட்டபெட்டாவிலோ வண்டியை நிறுத்திய பிறகு டிக்கியைத் திறந்து பையை உள்ளே தள்ளுவது, சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் காட்டிவிட்டுப் போவதற்குச் சமம். ஹேட்ச்பேக் வகைக் கார்களில் பின்கண்ணாடி வழியாகவே டிக்கி தெரியும் என்பதால் மேல்மூடியைக் கழற்றிவிடாதீர்கள். இருசக்கர வாகனத்தின் பக்கப் பெட்டியில் கேமராவை விடவே கூடாது. பணம் கொடுத்து நிறுத்தும் இடத்தில் தரப்படும் சீட்டின் பின்புறம், உள்ளே இருக்கும் பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள்; அதை நம்பி எதையும் விட்டுச் செல்லாதீர்கள்.

நடக்கும்போதும் படமெடுக்கும்போதும்

நடைபாதை இல்லாத மலைச்சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். அப்போது வண்டிகள் உங்கள் இடப்பக்கம் போகும்; கேமரா வலப்பக்கம் தொங்க வேண்டும். பைக்கில் வந்து பறிப்பவர்களுக்குக் கை எட்டக் கூடாது என்பது ஒரு காரணம். கழுத்தில் மாட்டிய பட்டையை ஓடும் வண்டியிலிருந்து யாராவது இழுத்தால் கேமராவோடு நீங்களும் சாலையில் இழுபடுவீர்கள் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

வியூஃபைண்டரில் கண்ணை வைத்த கணத்திலிருந்து நீங்கள் பக்கத்தில் நடப்பது தெரியாதவர். நீலகிரிச் சிரிப்பான் ஒன்று புதருக்குள்ளிருந்து வெளிவரக் காத்திருக்கும்போது, பின்னால் ஒருவர் வந்து நின்றாலும் காதில் விழாது. இதற்கு நான் செய்வது மூன்று காரியங்கள். நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரோ பாறையோ மரமோ இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். பையைத் தரையில் வைக்காமல் ட்ரைபாடின் நடுக் கொக்கியில் தொங்கவிடுவேன்; காற்றில் ட்ரைபாட் ஆடாமலும் இருக்கும், பையை யாராவது தொட்டால் வியூஃபைண்டருக்குள் காட்சியே குலுங்கும். ஒவ்வொரு ஐந்தாறு படத்துக்கும் ஒருமுறை தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பேன். லென்ஸ் மாற்றும் நேரமும் இப்படித்தான்: கழற்றிய லென்ஸை மதில்மேல் வைக்காதீர்கள், அது நேராகப் பைக்குள் போகட்டும்.

கூட்டமுள்ள நாள்களில், குறிப்பாக மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது, கையில் கேமராவைப் பார்த்தவுடன் யாராவது வந்து “அண்ணே, எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தாங்க” என்று தங்கள் கைபேசியை நீட்டுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் உண்மையாகவே படத்துக்காகத்தான் கேட்கிறார்கள்; மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை. கைபேசியை வாங்கும் முன் உங்கள் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது தரையில் வைத்து அதன் பட்டைக்குள் ஒரு காலை விட்டு நில்லுங்கள். உங்களை யாராவது படமெடுக்க வேண்டுமென்றால் உங்கள் கைபேசியைக் கொடுங்கள், கேமராவைக் கொடுக்காதீர்கள்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தாவில் புல்வெளி மேல் படியும் உறைபனியைப் படமெடுக்க விடியலுக்கு முன்பே தனியாகப் போகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் தலையில் கட்டிய விளக்கோடு பைக்குள் துழாவுவது, இருட்டில் நிற்கும் ஒருவருக்கு உங்கள் சொத்துக் கணக்கைக் காட்டுவதாகும். வேண்டிய லென்ஸை அறையிலேயே பொருத்திக்கொண்டு கிளம்புங்கள். வெளிச்சம் வந்த பிறகு சாலையோரத்தில் இன்னும் இரண்டு பேர் கேமராவோடு நிற்பதைப் பார்த்தால், அவர்களுக்கு அருகில் நிற்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

போகும் இடத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நான் வழக்கமாகப் போகும் பாதையின் அடியில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவிடம், “அக்கா, பாறை வரைக்கும் போயிட்டுப் பத்து மணிக்குள்ள வந்துடறேன்” என்பேன். “ஒத்தையாவா போறீங்க?” என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். அன்று அந்தப் பாதையில் புதிதாக யார் ஏறினார்கள், காட்டெருமை எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பின்னாலேயே வந்துவிடும். முகநூலுக்குச் சொல்வதைத்தான் தள்ளிப்போட வேண்டும்: இருக்கும் இடத்தின் பெயரோடு படத்தை ஏற்றுவது, அந்த இடத்தை விட்டு வந்த பிறகு நடக்கட்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். அது குற்றம் என்பதோடு, அங்கே ஏதாவது களவு போனால், புகார் எழுதும்போது முதலில் நீங்கள் அங்கே ஏன் இருந்தீர்கள் என்று விளக்க வேண்டியிருக்கும்.

டீக்கடையிலும் தங்குமிடத்திலும்

குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால்தான் வர்க்கியும் டீயும் சாப்பிடும் பத்து நிமிடத்தில் கடையின் பிளக்கில் சார்ஜரை மாட்டத் தோன்றுகிறது. மாட்டியதை மறந்து எழுந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். கூடுதல் பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டால் இந்தத் தேவையே வராது. மேசைமேல் கேமராவை வைப்பதாக இருந்தால் பட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள்.

தங்கும் அறையில் தாழ்ப்பாளைவிட ஜன்னலைப் பாருங்கள். சரிவில் கட்டிய வீடுகளில் முன்பக்கம் மாடியாக இருக்கும் அறை, பின்பக்கம் பார்த்தால் தரைமட்டத்தில் இருக்கும். குளிக்கப் போகும்போதும் சாப்பிடப் போகும்போதும் பையை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மெல்லிய இரும்புக் கம்பி கோத்த சைக்கிள் பூட்டு ஒன்று இருந்தால் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டலாம். இரவில் அன்றைய படங்களை இன்னொரு கார்டுக்கோ வட்டுக்கோ நகலெடுத்து, அதைக் கேமராப் பையில் வைக்காமல் துணிகளுக்கு நடுவே வையுங்கள். கேமராவை மீண்டும் வாங்கலாம்; பார்த்த பறவை மறுபடி வந்து உட்காராது.

பறிபோய்விட்டால்

யாராவது மிரட்டிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். சரிவுகளில் ஓடித் துரத்தாதீர்கள், காலைத்தான் உடைத்துக்கொள்வீர்கள். ஆள் உருவம், உடை, வண்டியின் நிறம், எண், போன திசை ஆகியவற்றைக் கைபேசியில் உடனே பேசிப் பதிவு செய்துவிட்டு 112ஐ அழையுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியை வீட்டிலேயே நிறுவிக்கொண்டு வந்திருந்தால், அதன் அவசரப் பொத்தானையும் பயன்படுத்தலாம். இங்கே வேகத்துக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. நீலகிரியிலிருந்து வெளியேறும் சாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: குன்னூர் வழியாக பர்லியாறு, கோத்தகிரி வழியாக குஞ்சப்பனை, மஞ்சூர் வழியாக கெத்தை, கூடலூர் வழியாகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகும் பாதைகள் ஆகியவைதான் முக்கியமானவை. சோதனைச் சாவடிகளுக்குத் தகவல் அரை மணி நேரத்தில் போவதற்கும், அறைக்குத் திரும்பி யோசித்துவிட்டு மாலையில் போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

புகாரை எழுத்தில் கொடுங்கள். பொருளின் பெயர், தொடர் எண், வாங்கிய ஆண்டு, விலை, இடம், நேரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். என் லென்ஸ் போன அன்று தொடர் எண் என்னிடம் இல்லை. ‘கறுப்பு நிற லென்ஸ் ஒன்று’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் வீட்டைப் புரட்டிப் பில்லைத் தேடினேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தால் அதை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு, காப்பீட்டுக்கு முதல் தகவல் அறிக்கை தேவை என்பதைப் பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். களவுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் சட்டத்தின் பார்வையில் வழக்கின் தன்மையே மாறிவிடும் என்பதால் விலையை எழுத மறக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள்.

கோயம்புத்தூரில் பழைய கேமரா வாங்கி விற்கும் கடைகளுக்கும், உங்கள் கேமராவின் சேவை மையத்துக்கும் தொடர் எண்ணைக் கொடுத்து வையுங்கள். இணையத்தில் யாராவது அதே பொருளை விற்பதாகத் தெரிந்தால், நீங்களே வாங்குபவர் போலத் தனியாகப் போய்ப் பார்க்காமல் அந்த விளம்பரத்தின் படத்தைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். பொருள் கிடைத்துவிட்டால் அது பெரும்பாலும் நேராக உங்கள் கைக்கு வராது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பில்லையும் தொடர் எண்ணையும் காட்டித்தான் பெற வேண்டும். அதற்காக மறுபடி ஒருமுறை மலையேற வேண்டியும் வரலாம். அப்படிப் போகும்போது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். மீட்ட பொருள்களை வைக்கும் அறையில் ஒரு மழைக்காலம் முழுதும் அடைந்து கிடந்த லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் வெள்ளை நூல் போல ஃபங்கஸ் ஓடத் தொடங்கியிருக்கும்.